என்னத்த ஊத்துனீங்க?

அந்தக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் திண்டுக்கல்லில் பாதிப்பேர் போன் போட்டு, "ஓ, நீயும் அதுகிட்ட மாட்டுனவன்தானா" என்று சிரிப்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு தேவையில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு மெத்தைக்கடை, அதன் பக்கவாட்டில் ஓர் ஆள் மட்டுமே ஏறக்கூடிய மாடிப்படி. ஈரமான கம்ப்யூட்டரைக் கைப்பிள்ளை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் படியில் ஏறியவர்களுக்கு, நான் யாரைச் சொல்கிறேன் என்று இந்நேரம் தெரிந்திருக்கும்.

ஊரில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. வைரஸ் என்றால் ஒருவர், பிரிண்டர் என்றால் இன்னொருவர். ஆனால் பெட்டிக்குள் ஈரம் போய்விட்டது என்று சொன்னால் அவர்கள் திருப்புளியைக்கூட எடுக்க மாட்டார்கள். "மாடிக்குப் போங்க" என்று கையை மட்டும் காட்டுவார்கள். நனைந்ததைக் கழுவி, உலர்த்தி, மறுபடி உயிர் வரவைக்கிற பொறுமை எங்கள் வட்டாரத்தில் அந்தக்கா ஒருவருக்குத்தான் இருந்தது.

அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். சேவுகம்பட்டிப் பக்கம் தக்காளி போடுகிறவர்கள் வீட்டுப் பெண் என்பார்கள். இந்த வேலையை எங்கே கற்றார் என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். அவரிடமே கேட்டால், "கெடுத்துக் கெடுத்துக் கத்துக்கிட்டேன்" என்பார். ஒல்லியான உடம்பு, கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் கண்ணாடி, சேலைக்கு மேலே ஆம்பிளைகள் போடுகிற முழுக்கைச் சட்டை. கடைக்குள் டீ வரக் கூடாது. அவருக்கே டீ குடிக்க வேண்டுமென்றாலும் மாடிப்படியில் இறங்கி, நாலாவது படியில் நின்று குடித்துவிட்டுத்தான் மேலே வருவார்.

பெட்டியை மேசையில் வைத்ததும் இரண்டு கேள்வி வரும். முதலாவது, "ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"ஒரே ஒரு தடவைக்கா" என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்க்காத மனிதனை இந்த ஊரில் இன்னும் பெற்றுப் போடவில்லை. அக்கா தலையில் அடித்துக்கொள்வார். "ஈரத்தோட கரண்ட்ட விட்டா என்ன ஆகும்? வீட்டுல சுவிட்ச் போர்டுல தண்ணி பட்டா தொடுவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்.

இரண்டாவது கேள்விதான் வினை. "என்னத்த ஊத்துனீங்க?"

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "தண்ணிதான்க்கா" என்பார்கள். கம்ப்யூட்டர் பக்கத்தில் தண்ணீர் வைத்திருந்தேன் என்பது ஏதோ மன்னிக்கக்கூடிய குற்றம் மாதிரி. அக்கா மறுக்க மாட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. "தண்ணியா, சரி. கேன் தண்ணியா, போர் தண்ணியா?" என்று ஆரம்பிப்பார். டம்ளரா, பாட்டிலா? முழுசாகக் கொட்டியதா, பாதி குடித்த பிறகா? குடித்தது யாரு? வலது கையா, இடது கையா? யாராவது கூப்பிட்டுத் திரும்பினீர்களா? திரும்பியபோது கூப்பிட்டது யாரு? போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். பத்தாவது கேள்வியில், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் அதைத் தானே எடுத்து வெளியே வைத்துவிடுவான்.

இதில் தொழில் காரணம் ஒன்று உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெறும் தண்ணீர் என்றால் உலர்த்தினாலே போதும். போர் தண்ணீர் என்றால் எங்கள் ஊர் உப்பு ஒரே நாளில் செம்பைப் பச்சையாக்கிவிடும். பால் என்றால் திரைந்து படலமாகும். சர்க்கரை என்றால் காய்ந்த பிறகு வார்னிஷ் அடித்தது போல ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் கழுவுகிற விதம் வேறு. சரி, அதற்கு என்ன கொட்டியது என்று தெரிந்தால் போதாதா? குடித்தவர் யார், கூப்பிட்டது யார் என்பதெல்லாம் எதற்கு? இதைத்தான் நான் ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஓர் அச்சகக்காரர் கதையைச் சொன்னால் அக்காவின் குணம் புரியும். ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்தவர், கம்ப்யூட்டருக்கும் பக்தியோடு காற்றுப் போகும் ஓட்டைகளில் சந்தனத்தைக் குழைத்து அப்பியிருக்கிறார். அப்புறம் பன்னீர்ச் செம்பை எடுத்து மூன்று முறை தெளித்திருக்கிறார். மூன்றாவது முறை மூடி கழன்று விழுந்திருக்கிறது. மாடி ஏறி வந்து அவரும் "தண்ணிதான்" என்றார். அக்கா பெட்டியைத் திறந்தார். காத்தாடி இறக்கையில் சந்தனம், மதர்போர்டு மேலே ஒரு ரோஜா இதழ். அக்கா இதழைச் சாமணத்தால் எடுத்து ஒரு தாளில் வைத்துவிட்டு, "எந்தக் கடைச் சந்தனம்ணே? வாசம் நல்லா இருக்கே" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. கடைப் பெயரை வாங்கிக் குறித்துக்கொண்டார் என்று அந்த அச்சகக்காரரே என்னிடம் சொன்னார்.

இன்னொருவர் போனை அரிசியில் போட்டால் காயும் என்று எங்கோ கேட்டுவிட்டு, மொத்தப் பெட்டியையும் அரிசி டிரம்முக்குள் மூன்று நாள் புதைத்துவைத்திருந்தார். திறந்தால் உள்ளே ஒரு ஆழாக்கு அரிசி, கூடவே வண்டு. அக்கா திட்டவில்லை. "ஏண்ணே, மூணு நாளா வீட்டுல எந்த அரிசில சோறு பொங்குனீங்க?" என்றுதான் கேட்டார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். வந்துதான் ஆக வேண்டும்.

வடமதுரையில் ஒரு தனியார் பள்ளியில் நான் அலுவலகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் விவரம் முழுக்க என் மேசைக் கம்ப்யூட்டரில்தான். அது நின்ற வாக்கில் வைக்கிற பெட்டி. தலையில் சல்லடை மாதிரி ஓட்டைகள், அதிலிருந்து எப்போதும் இளஞ்சூடாகக் காற்று வரும். நான் தினமும் காலையில் நாற்சந்தி வண்டியில் பருத்திப்பால் பார்சல் வாங்கிக்கொண்டு போவேன். பருத்திக்கொட்டையை அரைத்துப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சிய பால். ஆறிப்போனால் வாயில் வைக்க முடியாது. அதனால் அந்தக் கவரைப் பெட்டியின் தலைமேல் வைத்துவிட்டு, பிரேயர் முடிந்து வந்து சூடாகக் குடிப்பேன். ஆறு மாதமாக இப்படித்தான். என் மூளையை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை பிரேயர் முடிந்து வந்து பார்த்தால், கவரில் கட்டியிருந்த நூல் அவிழ்ந்து, கவர் சப்பையாகக் கிடந்தது. பெட்டி "டப்" என்று ஒரு சத்தம் போட்டு அணைந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி சொருகி ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். பிறகு கர்ச்சீப்பால் வெளியே வழிந்ததைத் துடைத்து, கவரைச் சுருட்டிச் சன்னல் வழியாக எறிந்துவிட்டேன். எறிந்து திரும்பவும் தாளாளர் உள்ளே வரவும் சரியாக இருந்தது.

வாசலில் முத்துலட்சுமி அக்காவின் வாளி இருந்தது. அவர் எங்கள் பள்ளியில் கூட்டித் துடைக்கிறவர். அவருடைய மகள் அதே பள்ளியில் ஒன்பதாவது படித்தாள், வேலை செய்கிறவர் பிள்ளை என்பதால் கட்டணம் இல்லாமல். தாளாளர் பெட்டியைப் பார்த்தார், ஈரத்தைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார்.

"வாளியத் தூக்கி மேச மேல வச்சியா?"

"இல்லீங்க சார். நான் இன்னும் இந்த ரூமுக்கே வரல" என்றார் முத்துலட்சுமி அக்கா.

"பின்ன தண்ணி ஆகாசத்துலருந்தா வந்துச்சு? இதுல இருக்கறது போச்சுன்னா நீயும் போக வேண்டியதுதான். பெட்டி பொழச்சு வரட்டும், பாப்போம். அதுவரைக்கும் வராத. இதத் தொடச்சிட்டுக் கெளம்பு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் கொழுக்கட்டை இருந்ததா என்று கேட்காதீர்கள். திருடனைத் தேள் கொட்டிய கதைதான். முத்துலட்சுமி அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். அப்புறம் குனிந்து மேசைக்கடியில் துடைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஏறினேன். பெட்டி பிழைத்தால் அவர் வேலையும் பிழைத்துவிடும், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை என்று வழி நெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

மாடி ஏறினேன். "ஆன் பண்ணிப் பாத்தியா அப்பு?" என்றார் அக்கா. ஒரே ஒரு தடவை என்றேன். "என்னத்த ஊத்துனே?"

"தண்ணிதான்க்கா. ஆபீஸ்ல தொடைக்கிறவங்க கைதவறி."

வேறு யாராவது என்றால் பத்துக் கேள்வி வந்திருக்கும். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து பெட்டியின் ஓட்டை அருகே மூக்கைக் கொண்டுபோனார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சரி. தண்ணின்னு எழுதிக்கிறேன். நாளைக்கு வா" என்றார். அவர் கேட்காமல் விட்டது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

மறுநாள் போனபோது எனக்கு முன்னால் ஒரு பெரியவர் இருந்தார். பழனிக்கு அந்தப் பக்கம் கீரனூர். கொட்டியது என்ன என்று அக்கா வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"மோருங்க. நானே ஊத்திட்டனுங்க. கறிவேப்பிலை போட்டதுங்க, உப்பு ரெண்டு சிட்டிகைங்க, பெருங்காயமும் கொஞ்சமுங்க. பேரன் போன்ல பேசறான்னு எக்கிப் பாத்தனுங்க, கை பட்டுருச்சுங்க."

அக்காவின் முகம் பூவாக மலர்ந்தது. கேட்க ஒன்றும் மிச்சம் இல்லாமல் ஒரு மனிதன் பேசுவது அவருக்கு அடிக்கடி வாய்க்கிற விஷயமில்லை. இருந்தாலும் விடவில்லை. "கட்டித்தயிருல அடிச்ச மோரா, கடைஞ்ச மோரா?" என்றார்.

"கடைஞ்சதுங்க."

"அப்ப வெண்ணெய் இல்ல. பொழச்சிக்கும்."

பெரியவர் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த மனிதருக்கு இல்லாத பயம் எனக்கு என்ன? என்னை மீறி வாய் திறந்துவிட்டது.

"அக்கா, அது தண்ணி இல்ல. பருத்திப்பால். நான்தான் பெட்டி மேல வச்சேன், சூடா இருக்கட்டும்னு."

"கருப்பட்டி போட்டதா, வெல்லமா?"

"கருப்பட்டிக்கா."

"தேங்காப்பூ?"

"இல்லக்கா."

"அதான், ஒண்ணும் அடைக்கல" என்று சன்னல் பக்கம் கையைக் காட்டினார். என் மதர்போர்டை அங்கே செங்குத்தாக நிறுத்திவைத்திருந்தார். எதிரே டேபிள் ஃபேன் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. போர்டு பளிச்சென்று இருந்தது. இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற பேட்டரித் தண்ணீரில் பழைய பல்துலக்கும் பிரஷால் இரண்டு தடவை கழுவி, பிறகு ஸ்பிரிட்டில் ஒருமுறை அலசி, முந்தின நாள் சாயங்காலமே காயவைத்துவிட்டாராம். ராம், ஹார்ட் டிஸ்க், சின்னக் காசு மாதிரி பேட்டரி எல்லாம் ஒரு துணியில் வரிசையாக இருந்தன.

"அப்ப நேத்தே தெரியுமாக்கா?"

"சுக்கு வாடை தெருவுக்கே அடிக்குது. தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா எதுக்குக்கா கேட்டீங்க?"

எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. இந்தக்கா ஒருகாலத்தில் எங்கோ யாரோ செய்த தப்புக்குப் பழி சுமந்திருப்பார், அதனால்தான் எல்லோரையும் இப்படி உண்மையைச் சொல்ல வைக்கிறார் என்று. அதையும் கேட்டேவிட்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லப்பா. ஆளுக்கொரு மாதிரி சொல்றீங்கல்ல, அதக் கேக்க எனக்குப் பிடிக்கும். அம்புட்டுத்தான்." சிரிப்பு நின்றதும் கேட்டார்: "தொடைக்கிறவங்கன்னு சொன்னியே. அந்தம்மா என்ன ஆச்சு?"

சொன்னேன். வாளி, தாளாளர், ஒன்பதாம் வகுப்பு மகள், எல்லாம். அக்கா ஹார்ட் டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே கேட்டார். ஒரு குறுக்குக் கேள்வி இல்லை. நான் முடிக்கும் நேரம் பார்த்து என் போன் அடித்தது. தாளாளர்.

"என்னய்யா, பொழைக்குமா பொழைக்காதா? அந்த மெக்கானிக் அம்மாகிட்டக் குடு."

கொடுத்தேன். அக்கா ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"பொழைச்சிக்கும் சார். நாளைக்குத் தாரேன்."

"உள்ள போனது தண்ணிதானம்மா? வேற ஆளு ஒருத்தரு வேலை கேட்டு வந்து நிக்கிறாரு. இந்தப் பொம்பளைய நிப்பாட்டிறலாமான்னு பாக்குறேன்."

அக்கா என்னைப் பார்த்தார். "அத, கொண்டாந்தவரே சொல்லுவாரு சார்" என்று போனை என் பக்கம் தள்ளிவிட்டு, பஞ்சை எடுத்துத் திரும்பவும் துடைக்க ஆரம்பித்தார்.

போன் பக்கம் குனிந்தேன். "சார், அது தண்ணி இல்ல சார்" என்று தொடங்கினேன். எப்படிச் சொல்லி முடித்தேன் என்று இப்போதும் எனக்கு நினைவில்லை. கவர், நூல், சன்னல் எல்லாம் சொன்னேன் போல. பிறகு வந்தது பாருங்கள் ஏச்சு, அதை இங்கே எழுத முடியாது. கடைசியில், "பெட்டியோட திங்கக்கிழமை வா. அந்தம்மாவையும் வரச் சொல்லு" என்று வைத்துவிட்டார்.

நான் போனை எடுத்து முத்துலட்சுமி அக்கா எண்ணைத் தேடினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போன்ல வேணாம். நேர்ல போ. இது காயுறதுக்கு இன்னும் ஒரு நா ஆகும், இங்க ஒக்காந்து என்ன பண்ணப்போறே?"

முத்துலட்சுமி அக்கா வீடு வடமதுரையில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். போனபோது வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். பருத்திப்பாலைச் சிந்தியது நான்தான், சாரிடம் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை வரச் சொன்னார் என்று ஒரே மூச்சில். அவர் கையிலிருந்த தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"தெரியும் தம்பி."

"எப்படிக்கா?"

"மேசைக்கடியில நான்தானே தொடச்சேன். துணியெல்லாம் பிசுக்கு. சுக்கு மணம்."

"அன்னைக்கே சார்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா?"

"நான் சொல்லியிருந்தா உன் வேலை போயிருக்கும். நீயே சொன்னா ரெண்டு பேருக்கும் இருக்கும்னு பாத்தேன். செத்த லேட்டாயிருச்சு, பரவால்ல. ஒக்காரு."

உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாகத்தான் இருந்தது. அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தார்.

மறுநாள் பெட்டியை வாங்கப் போனேன். அக்கா எல்லாவற்றையும் பூட்டி, சூட்டைக் கடத்துகிற வெள்ளைப் பசை தடவி, காத்தாடியை மாட்டி வைத்திருந்தார். ஆன் பண்ணுவதற்கு முன் வழக்கம்போல் தொடங்கினார். "போனியா? என்ன சொல்லுச்சு? நின்னுக்கிட்டாச் சொன்னே, ஒக்காந்தா? அந்தம்மா அப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?" ஒவ்வொன்றாகச் சொன்னேன். முத்துலட்சுமி அக்காவுக்கு முதல் நாளே தெரியும் என்றும், ஏன் சொல்லாமல் இருந்தார் என்றும் சொன்னேன்.

அக்கா அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். திருப்புளியை மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தம்மாவ ஒரு நா இங்க கூட்டிட்டு வா அப்பு" என்றார். "நான் பாக்கணும்."